ஐந்தாவது கிராஸின் பதினோரு குடங்கள்

சந்திரம்மா கையில் ஒரு சட்டையைக் கொடுத்துப் பாருங்கள். காலரைப் புரட்டுவாள், கைமடிப்பை விரிப்பாள், பட்டன் ஓட்டைகளை நகத்தால் நெருடுவாள். ஒரு தையல் தவறியிருந்தாலும் அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் விழும். ஓசூர் ரோட்டு கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் பதினான்கு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்பவள். தைத்தவள் கூடச் சாப்பிடும் தோழியாக இருந்தாலும் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்தான். "ஏன்க்கா, கண்ண மூடிக்கினு உடக்கூடாதா?" என்று கெஞ்சினால், "கண்ண மூடுறதுக்கா எனக்கு சம்பளம் குடுக்கறான்?" என்பாள். ஆனால் சாயங்காலம் அதே தோழியோடு உட்கார்ந்து, பிரித்ததைத் தைக்க ஒத்தாசை செய்வாள். இப்படி ஒரு ஜன்மம்.

இவள் புருஷன் வெங்கடசாமி. அடுகோடி ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் இருக்கும் மிஷின் ஷெட் காலனியில் அவன் கை படாத ஸ்விட்ச் போர்டு கிடையாது. வயரிங் வேலை. ஃபியூஸ் போனால் கூப்பிடு வெங்கடசாமியை, மிக்சி ஓடவில்லையா கூப்பிடு வெங்கடசாமியை. தமிழில் பேசுகிறவனிடம் தமிழ், கன்னடத்தில் பேசுகிறவரிடம் கன்னடம், சாயபு வீட்டில் உருது. பேசிக்கொண்டே வேலையை முடித்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். நல்ல மனுஷன். கொஞ்சம் வாய் நீளம். கொஞ்சம் தலைக்கனம். இரண்டையும் சந்திரம்மாவே ஒப்புக்கொள்வாள், வேறு யாராவது சொன்னால் மட்டும் சண்டைக்குப் போவாள்.

அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை, காலனி நலச் சங்கத்தின் தலைவர் ஆக வேண்டும் என்பது. சிரிக்காதீர்கள். ஒரு தடவை, தெருவிளக்குக்காக மனு எடுத்துக்கொண்டு ஓர் ஆபீஸுக்குப் போனான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீனு யாரு?" என்று கேட்டார். நீ யார் என்ற கேள்விக்கு வெங்கடசாமியிடம் பதில் இல்லை. காலனிக்கே வெளிச்சம் போட்டவன், பேருக்குப் பின்னால் எழுத ஒரு வார்த்தை இல்லாமல் மனுவோடு திரும்பி வந்தான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து சந்திரம்மாவுக்கும் அதே ஆசைதான். அவன் ஒரு தடவையாவது தலைவராக வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

காலனியில் ஐந்து கிராஸ், ஐந்து குறுக்குத் தெரு. முதல் கிராஸில் அறுபது வீடு, இரண்டாவதில் நாற்பத்தைந்து, மூன்றாவதில் முப்பது, நான்காவதில் இருபத்தைந்து. ஐந்தாவது கிராஸில், அதாவது ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாய் ஓரமாக, மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும் இடத்தில், பதினோரே வீடு. வெங்கடசாமி சந்திரம்மா வீடு அங்கேதான்.

சங்கத்தின் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு கிராஸும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். ஐந்து பிரதிநிதிகளும் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி, தங்கள் கிராஸ் யாருக்கு என்று சொல்வார்கள். மூன்று பேர் சொன்ன பெயர் தலைவர். இந்த விதியைக் கொண்டுவந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் வெங்கடசாமியேதான். தொண்ணூற்றொன்றில் சங்கம் ஆரம்பித்தபோது நேரடி ஓட்டுதான் இருந்தது. முதல் கிராஸ்காரனே ஜெயித்தான், முதல் கிராஸிலேயே மூன்று குழாய் போட்டான். ஐந்தாவது கிராஸ் பெண்கள் இரண்டு வருஷம் அங்கே போய், "ஒங்க கிராஸ்ல புடிங்கம்மா" என்ற பேச்சை வாங்கிக்கொண்டு, இடுப்பில் குடம் சுமந்தார்கள். சந்திரம்மாவும் சுமந்தாள். அதைப் பொறுக்க மாட்டாமல்தான் அவன் சண்டை போட்டு, ஒரு கிராஸுக்கு ஒரு ஓட்டு என்று எழுத வைத்தான். அதற்கப்புறம்தான் ஐந்தாவது கிராஸுக்குக் குழாய் வந்தது.

குழாய் வந்ததோடு ஒரு வழக்கமும் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அதனால் விடியும் முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் குடம் நிற்கிறதே, அது போதும். யார் குடத்தையும் யாரும் நகர்த்தக் கூடாது. திருட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள், குடம் நகர்த்தினவளை மன்னிக்க மாட்டார்கள். ஐந்தாவது கிராஸ் பெண்கள் ஓட்டுப் போடுவதும் குடத்தால்தான். குழாய்க்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எந்தப் பக்கம் குடம் கூடுகிறதோ அந்தப் பெயரைப் பிரதிநிதி போய்ச் சொல்ல வேண்டும். யார் குடம் எந்தப் பக்கம் நின்றது என்பதை வீட்டு ஆம்பிளைகளிடம் மூச்சு விடக் கூடாது. ஒன்பது வருஷமாக ஒருத்தியும் விட்டதில்லை. பிரதிநிதி, வேறு யார், சந்திரம்மா.

இரண்டாயிரத்து இரண்டு ஜூலையில் தேர்தல் வந்தது. அந்த மாதம்தான் தில்லியிலும் ஜனாதிபதி தேர்தல். டிவியில் ராவும் பகலும் அதே பேச்சு. நாம் ஓட்டுப் போடுவதில்லை, நாம் அனுப்பின எம்.எல்.ஏ., எம்.பி. போடுகிறார்கள் என்று அப்போதுதான் காலனியில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. "அட, நம்ம சங்கத்து விதியத்தான் தில்லிக்காரன் காப்பி அடிச்சிருக்கான்" என்று வெங்கடசாமி டீக்கடையில் மார்தட்டிக்கொண்டான்.

போட்டி இரண்டு பேருக்குள். வெங்கடசாமி ஒருவன், மூன்றாவது கிராஸ் ரெமிஜியஸ் ஒருவர். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர், அதிகம் பேசாதவர். முதல் இரண்டு கிராஸும் வெங்கடசாமிக்கு, அடுத்த இரண்டும் ரெமிஜியஸுக்கு என்று ஊருக்கே தெரியும். ஐந்தாவது யாருக்கு என்று கேட்பானேன்? வேட்பாளர் ஐந்தாவது கிராஸ், பிரதிநிதி அவன் பெண்டாட்டி. முதல் கிராஸில் லேத் பட்டறை வைத்திருக்கும் நாகேஷ், வெங்கடசாமியின் உயிர் சிநேகிதன், மாலைக்குச் சொல்லியே விட்டான்.

வெங்கடசாமி நான்கு கிராஸிலும் வீடு வீடாகப் போனான். தனக்கு ஓட்டில்லாத மூன்றாவது கிராஸிலும் கும்பிடு போட்டான். ஒரு சாயங்காலம் சந்திரம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நம்ம கிராஸ்லயும் ஒருவாட்டி போய் கேட்டுட்டு வந்துடுங்க."

அவன் சிரித்தான். "சொந்த வூட்டுக்குள்ள வர்றதுக்கு எவனாச்சும் கதவ தட்டுவானா சந்திரா?"

"தட்டுனா கொறஞ்சா போயிடுவீங்க?"

"போடி, பதினோரு வூட்டுக்கும் வயரிங் நான்தான் பண்ணேன். என்னைத் தெரியாதா அவங்களுக்கு?"

இரண்டு தடவை சொன்னாள், மூன்று தடவை சொன்னாள். காதில் வாங்கினால்தானே! அந்த வாரமே ரெமிஜியஸ் ஐந்தாவது கிராஸுக்கு வந்தார். பதினோரு வீட்டிலும் நின்றார், வெங்கடசாமி வீட்டிலும்கூட. "தங்கச்சி, ஒன் ஓட்டு எனக்கு வராதுன்னு தெரியும். வாசல தாண்டிப் போனா மரியாதை இல்லன்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணிக்குக் குடங்கள் வந்தன. குழாய்க்கு இடது பக்கம் வெங்கடசாமி, வலது பக்கம் ரெமிஜியஸ். முதல் குடம் சந்திரம்மாவுடையது. விளிம்பில் நசுங்கின நீலக் குடம். இடது பக்கம் வைத்தாள். அப்புறம் ராதா, அவளும் இடது. அதற்கப்புறம் வந்த குடங்கள் ஒவ்வொன்றாக வலது பக்கம் போக ஆரம்பித்தன. கடைசியில் எண்ணிப் பார்த்தால் இடது பக்கம் நான்கு, வலது பக்கம் ஏழு.

கடைக்கோடி வீட்டுச் சின்னத்தாயி, புருஷன் இல்லாதவள், ராஜகாலுவே தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது அவள் வீட்டைத்தான், சந்திரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வெச்சிக்காத சந்திரா. ஒன் வூட்டுக்காரரு தங்கமான மனுசன். ஆனா ஒரு வார்த்தை கேக்கலியே! எல்லா கிராஸும் போனாரு, எங்கள ஆளாவே நெனைக்கல. ரெமிஜியஸ் அண்ணன் வந்து, செவுத்துல தண்ணி ஏறுன கறை இருக்குது பாரு, அத கையால தொட்டுப் பாத்தாரு. மொத வேலை காலுவேக்கு தடுப்புச் செவுருன்னாரு."

சந்திரம்மா நிரம்பின குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அங்கே வெங்கடசாமி குளித்து, திருநீறு பூசி, அவள் ஃபாக்டரியில் ஒரு தையல்கூடத் தவறாமல் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். கல்யாண மாப்பிள்ளை கெட்டான். அவள் குடத்தை இறக்காமலே வாசலில் நின்றாள்.

"இன்னா மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஏங்க, நான் ஒருத்தி குடத்த நகத்திட்டேன்னு வெச்சிக்கோங்க. நீங்க இன்னா சொல்வீங்க?"

"நீயா? ஒன்ன குழாயடிலயே சேத்துக்கக் கூடாதுன்னு சொல்வேன்" என்று சிரித்துக்கொண்டே தலையை வாரினான். "காலங்காத்தால இன்னா கேள்வி இது? கெளம்பு கெளம்பு, டைம் ஆயிது."

சங்கக் கட்டிடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டம். தேர்தல் நடத்தினது நான்காவது கிராஸ் சங்கமித்ரா. ஸ்கூல் டீச்சர், புத்தர் படம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் எல்லாம் எழுதுவாள். முதல் கிராஸ் எழுந்தது, வெங்கடசாமி. இரண்டாவது, வெங்கடசாமி. மூன்றாவது, ரெமிஜியஸ். நான்காவது, ரெமிஜியஸ். நாகேஷ் மாலையைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தே விட்டான்.

சந்திரம்மா எழுந்தாள். முன் வரிசையில் வெங்கடசாமி அவளைப் பார்த்துச் சிரித்தான். பின்னால் சுவரோரம் சின்னத்தாயி உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு நிமிஷம், மனசாட்சி என்று ஒன்று இல்லாமலே பிறந்திருக்கக் கூடாதா என்று சந்திரம்மாவுக்குத் தோன்றியது. வெங்கடசாமி என்று ஐந்தெழுத்தோ ஆறெழுத்தோ, சொல்லிவிட்டு உட்கார்ந்தால் தீர்ந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? ஏழு பெண்கள் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை தண்ணீர் வரும்போது குழாயடியில் அவள் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

"அஞ்சாவது கிராஸ்," என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். "அஞ்சாவது கிராஸ், ரெமிஜியஸ் அண்ணன்."

யாரோ தட்டிவிட்ட மாதிரி நாகேஷ் கையிலிருந்து மாலை நழுவியது. வெங்கடசாமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, எடுத்து வைக்க அவனுக்கு இடம் தெரியவில்லை. எழுந்து, ரெமிஜியஸ் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

அதற்கப்புறம் அவன் அவளோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அவன் தட்டோடு பேசினான். "உப்பு கம்மி" என்பான் தட்டைப் பார்த்து. "நான் வர லேட்டாவும்" என்பான் கதவைப் பார்த்து. அவளும் லேசுப்பட்டவளா? "உப்பு ஜாடிலதான் கீது" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். தன் குடம் எந்தப் பக்கம் நின்றது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிக் கோபம் போய்விடும். அவன் கேட்கட்டுமே என்று இருந்தாள். கேட்டாலும் சொல்லலாமா கூடாதா என்று வேறு குழம்பினாள். சட்டைகளைப் புரட்டும்போது கண் நிரம்பி, ஒரு நாள் நல்ல சட்டைக்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை.

இதற்குள் முதல் கிராஸ் கொதித்துக்கொண்டிருந்தது. நூற்று ஐந்து வீடு கேட்ட ஆள் தோற்று, அறுபத்தாறு வீட்டு ஆள் ஜெயித்தால் அது என்ன தேர்தல்? நாகேஷ் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினான். விதியை மாற்று, நேரடி ஓட்டுக் கொண்டுவா, மறுபடி தேர்தல் வை. தேர்தல் முடிந்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. வெங்கடசாமி பேசுவான் என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள். அவன் பேசினால் விதி அன்றே போய்விடும், மறுவாரம் அவன் தலைவர். சந்திரம்மா சின்னத்தாயி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாகேஷ் ஆரம்பித்தான். "அறுவது வூட்டுக்கும் ஒரு ஓட்டு, பதினோரு வூட்டுக்கும் ஒரு ஓட்டு. இது எந்த ஊரு ஞாயம் குரு? தில்லியில பாருங்க, ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி மதிப்பு வெச்சிருக்கான்."

"அது நெஜம்தான்," என்றாள் சங்கமித்ரா, நோட்டைப் பார்த்து. "கர்நாடகா எம்.எல்.ஏ. ஓட்டுக்கு நூத்தி முப்பத்தொண்ணு மதிப்பு, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கு நூத்தி எழுவத்தாறு."

"அப்ப நாம பார்டர் தாண்டி வந்ததுல நாப்பத்தஞ்சு நஷ்டமா?" என்று எவனோ பின்னாலிருந்து கத்த, கூட்டமே சிரித்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள் சங்கமித்ரா. "அங்க இன்னாருக்குத்தான் போடணும்னு கட்சி கட்டாயப்படுத்த முடியாது. அவங்கவங்க மனசுப்படி போடலாம்."

"கேட்டீங்களா!" என்று நாகேஷ் துள்ளினான். "சந்திரம்மா இன்னா போஸ்ட்மேனா, அவங்க குடுத்தத இவங்க கொண்டாந்து போடறதுக்கு? கட்ன புருஷனுக்கு மனசுப்படி போட்டிருக்கலாமே!"

சந்திரம்மா எழுந்துவிட்டாள். "மனசுப்படி போடணும்னா என்னை அனுப்பியிருக்க மாட்டாங்க அண்ணா. ஏழு குடத்தையும் நகத்திட்டு என் புருஷனுக்கு மாலை போடச் சொல்றீங்களா? அந்த மாலைய அவரே போட்டுக்க மாட்டாரு." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவரே போட்டுக்க மாட்டார் என்று எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. மூன்று வாரமாகத் தட்டோடு பேசும் மனுஷன் என்ன நினைக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

வெங்கடசாமி மைக்கைப் பிடித்தான். தொண்டையைக் கனைத்தான்.

"நேரா ஓட்டுப் போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்," என்றான். முதல் கிராஸ் கை தட்டியது. அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "இருங்கப்பா. ஒரு கிராஸுக்கு ஒரு ஓட்டுன்னு விதி இருந்துச்சு. இருந்தும் நான் அஞ்சாவது கிராஸுக்குப் போயி ஒரு வார்த்தை கேக்கல. அங்கயே குடி இருந்துகினு கேக்கல. ரெமிஜியஸ் அண்ணன் ஏன் வந்தாரு? அந்த ஒரு ஓட்டு வேணும்னுதான் வந்தாரு. இனிமே நேரா ஓட்டுன்னு வெச்சிட்டா, நூத்தி எழுவத்தோரு வூட்டுல பதினோரு வூட்டுக்கு எவன் வருவான்? நானே வரமாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இந்த விதிய நான் எதுக்குக் கொண்டாந்தேன்னு எனக்கே மறந்துபோச்சு. எங்க வூட்டுப் பொம்பள இடுப்புல குடத்த வெச்சிகினு பேச்சு வாங்கிகினு வருவா. அதப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். விதி இருக்கட்டும். எங்கிட்ட கையெழுத்து கேக்காதீங்க."

மைக்கை வைத்துவிட்டு இறங்கினான். நாகேஷ், "ஹுச்சா, பைத்தியக்காரா, கெட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். கைதூக்கச் சொன்னபோது விதி தப்பித்தது, ஆறு கை வித்தியாசத்தில். சந்திரம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நூறு பேர் நடுவில் அதெல்லாம் நடக்குமா? வீட்டுக்கு வந்து அடை வார்க்க உட்கார்ந்தாள். அவனுக்கு அடை என்றால் உயிர்.

வெகு நேரம் அவன் வரவில்லை. வாசலில் எட்டிப் பார்த்தால், கிராஸின் அந்தக் கோடியில், சின்னத்தாயி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. அவள் சுவரில் எதையோ காட்ட, இவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். அப்புறம் அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. அடுத்த தேர்தலுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதா இந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டே அவள் உள்ளே வந்து அடையைத் திருப்பினாள்.

டக் டக் என்று கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. வெங்கடசாமி படிக்கு வெளியே நின்றுகொண்டு, திறந்த கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, வணக்கம். அஞ்சாவது கிராஸ் வெங்கடசாமி. வர்ற தேர்தல்ல நிக்கறேன். போன தடவை இந்த வூட்டுக்கு வந்து கேக்காதது தப்பு. இந்தவாட்டி ஒங்க குடத்த என் பக்கம் வெக்கணும்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்திருப்பான். முடிக்கும்போது குரல் தழுதழுத்தது. கரண்டியோடு எழுந்து வந்த சந்திரம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷமாகக் குழாயடியில் ஒருத்தியும் மீறாத வழக்கம். மீறினது அவள்தான், அன்றைக்கு.

"என் குடம் போன தடவையும் ஒங்க பக்கம்தான் இருந்துச்சு," என்றாள். "மொத குடமே என்னுதுதான்."

வெங்கடசாமி கும்பிட்ட கையை இறக்கவில்லை. அப்படியே நின்று அழுதான். உள்ளே அடை தீய்ந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் போய் எடுக்கவில்லை.